போர்வைக்கு வெப்பம் உண்டோ?

எம்மிடம் பௌதிகவியல் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது கனடா நாட்டின் வின்னிப்பெக் நகரில் வாழ்கின்றார். வகுப்பிலே பின்வரிசையில் இருந்தவர் எனினும் கேள்வி கேட்பதில் முன்வரிசை. மாதம் ஒருமுறையேனும் தொலைபேசியில் எம்மோடு உரையாடுவது அவர் வழக்கம். இங்கே நாம் மாலை விளக்கேற்றும் வேளை, பனிக்காலத்தில் அங்கே காலை ஏழு மணி. ஆதலின் எமது ஓய்வும் அவரது அவசரமும் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளும்.

இரண்டு பனிக்காலங்களுக்கு முன்பு ஒருநாள் அவர் குரலிலே கவலை தொனித்தது.

"சேர், காரின் பற்றரி ஒவ்வொரு காலையும் சோர்ந்துபோய்க் கிடக்கிறது. வெளியிலே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தைந்து பாகைக் குளிர். அடுத்த மாதம் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பல மாதம் காத்திருந்து கிடைத்த நாள். அன்றைக்குப் பார்த்துக் கார் கிளம்பாவிட்டால் என்ன செய்வது?"

நாம் சிறிதும் தயங்காது விடையளித்தோம். தயங்காமைதான் ஆசிரியத் தொழிலுக்குரிய நோய் போலும். கம்பளி வெப்பத்தை எளிதிற் கடத்தாத பொருள். சிறுவர் வகுப்புப் பாடம் இது. "தடித்த கம்பளிப் போர்வை ஒன்றைப் பற்றரியின் அளவுக்கு வெட்டி, நாற்புறமும் சுற்றிக் கட்டும் தம்பி. குளிர் அண்டாது" என்றோம். அவரும் அவ்வாறே செய்தார். குருவின் வாக்கன்றோ!

குறித்த நாள் வந்தது. அதற்கு முந்திய இரண்டு நாட்களும் விடுமுறையாதலால் வண்டி முற்றத்திலே நின்றிருந்தது. காலையில் தாயாரைக் கம்பளி உடைகளால் மூடிக் காரில் அமர்த்திவிட்டுத் திறப்பைத் திருப்பினார். ஒரு முனகல் கேட்டது. அதன்பின் அதுவும் இல்லை. அயல்வீட்டார் தமது வண்டியைக் கொணர்ந்து, கம்பி தொடுத்து, உயிர்ப்பித்துக் கொடுத்தபோது வைத்தியசாலை நேரம் கடந்துவிட்டது. மறுநாள் குறித்துக் கொடுத்தார்கள்; இரண்டரை மாதத்துக்கு அப்பால்.

இதனை அவர் எம்மிடம் கோபமாகச் சொல்லவில்லை. அதுவே எம்மை மிகவும் வருத்திற்று. "சேர், போர்வை தன் வேலையைச் செய்தது. உள்ளே போய்விட்ட குளிரையும் வெளியே விடாமற் காத்துவிட்டது" என்று மட்டும் சொன்னார். தொலைபேசியை வைத்தபின் அன்றிரவு நெடுநேரம் எமக்கு உறக்கம் வரவில்லை. இருபது ஆண்டுகளாகக் கற்பித்த பாடமொன்றின் பாதியைத்தான் நாம் அறிந்திருந்தோம் என்பது மெல்ல மெல்லப் புலனாயிற்று.

பற்றரி குளிரில் ஏன் தளர்கின்றது என்பதை முதலிற் காண்போம். பற்றரி மின்சாரத்தை நிரப்பி வைத்த தொட்டி என்றே பலரும் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. மோட்டார் வண்டியின் பற்றரியிலே ஈயத் தகடுகளும் நீர் கலந்த சல்பூரிக்கமிலமும் உள்ளன. பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1859 ஆம் ஆண்டிற் கண்ட அமைப்பு இது. திறப்பைத் திருப்பும் கணத்திலே அமிலத்துக்கும் ஈயத்துக்குமிடையே இரசாயன மாற்றம் நிகழ, அதன் விளைவாகவே மின்சாரம் பிறக்கின்றது. இரசாயன மாற்றங்கள் எல்லாம் வெப்பத்திலே விரைபவை, குளிரிலே மந்தமாகுபவை. அமிலமும் குளிரில் தடித்து, தகட்டின் நுண்துளைகளுள்ளே புகுவதற்குச் சோம்புகின்றது. 27 பாகை செல்சியஸிலே முழு வலிமையுடன் நிற்கும் பற்றரி, பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் அவ்வலிமையின் ஐந்தில் இரண்டு பங்கைத்தான் தரும் என்பது அத்தொழிலார் நெடுங்காலமாகக் கூறிவரும் கணக்கு. இஃது ஒருபுறமிருக்க, அதே குளிர் எஞ்சினின் எண்ணெயையும் பாகுபோலாக்கி விடுகின்றது. ஆகவே எஞ்சினைச் சுழற்ற இரு மடங்குக்கும் மேலான வலு வேண்டியுள்ளது. கொடுப்பவன் வறியவனாகும் வேளை பார்த்துக் கேட்பவன் பேராசைக்காரனாகின்றான்.

ஒன்றை இங்கே கூறிவைத்தல் நன்று. குளிர் பற்றரியின் சேமிப்பைக் களவாடுவதில்லை. பெட்டகத்தைப் பூட்டிவிடுகின்றது, அவ்வளவே. பனிநாட்டுத் தெருவிலே கைத்தொலைபேசி திடீரென அணைந்துவிடும். சட்டையின் உட்பையில் வைத்துச் சிறிது நேரம் உடற்சூடு ஏற்றினால் மீண்டும் விழித்துக்கொள்ளும். பொருள் உள்ளேதான் இருந்தது, திறப்பு உறைந்திருந்தது. ஆயின் சோர்ந்த பற்றரியைப் பனியிலே கிடக்க விடுதல் பேராபத்து. முழுதும் மின்னேற்றிய பற்றரியின் அமிலம் பூச்சியத்துக்குக் கீழே 50 பாகையிலும் உறையாது. மின்னிறங்கிய பற்றரியிலோ அமிலம் வெறும் தண்ணீரைப்போல் நீர்த்துப்போய், பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை அளவிலேயே பனிக்கட்டியாகி உறையை வெடிக்கச் செய்யும். அவ்வாறு உறைந்ததை மின்னேற்ற முயலலாகாது.

இனிப் போர்வைக்கு வருவோம்.

எமது சிறுபிராயத்திலே கடற்கரை வாடிகளில் பனிக்கட்டியை மரத்தூளிலே புதைத்து வைத்திருப்பார்கள். வெய்யில் எரிக்கும் நடுப்பகலிலும் அது கரைவதற்கு நெடுநேரம் செல்லும். அதே மரத்தூளிலே கொதிக்கும் சோற்றுப் பானையைப் புதைத்தால் அதுவும் நெடுநேரம் ஆறாதிருக்கும். மரத்தூளுக்கு வெப்பமும் தெரியாது, தட்பமும் தெரியாது. எது உள்ளே இருந்ததோ அது வெளியேறுவதைத் தாமதப்படுத்துவதே அதன் தொழில். ஜேம்ஸ் டூவார் 1892 இல் அமைத்த வெற்றிடக் குடுவை, அதாவது நாம் தேநீர் கொண்டுசெல்லும் தேமோஸ் போத்தல், செய்வதும் அதனையே. கம்பளியும் அவ்வாறே. நாம் போர்த்திக்கொண்டால் சூடு தெரிவது கம்பளியின் சூட்டாலன்று, எமது சூட்டால். உணவை எரித்து இராப்பகலாக வெப்பம் பிறப்பிக்கும் உடல் ஒன்று போர்வைக்குள்ளே இருக்கின்றது. நின்றுபோன காரின் பற்றரி அவ்வாறு எதனையும் பிறப்பிப்பதில்லை. அதனைப் போர்த்துவது கல்லைப் போர்த்துவது போலாம்.

அடைகாக்கும் கோழியை வாசகர் எண்ணிப்பார்க்க. கோழி இருபத்தொரு நாள் தன் வயிற்றுச் சூட்டை முட்டைக்கு அளிக்கின்றது. கூட்டிலிட்ட வைக்கோல் அச்சூடு சிதறாது காக்கின்றது. கோழியை விரட்டிவிட்டு வைக்கோலை ஒரு முழ உயரத்துக்கு அடுக்கினும் குஞ்சு பொரியாது. நாம் எமது மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தது கோழியில்லாத கூடு.

கணக்கிலே சொல்வதாயின் இன்னும் தெளிவு. பெட்டியொன்றின் உள்ளே இடையறாது ஒரு வெப்பவூற்று இருப்பின், உள்ளே நிலைக்கும் வெப்பநிலை வெளியிலும் பார்க்க எத்தனை பாகை கூடியிருக்கும்? ஊற்றின் உவாற்று அளவைச் சுவரின் வெப்பத்தடையாற் பெருக்கினால் விடை வரும். போர்வையைத் தடிப்பாக்குதல் பெருக்கும் எண்ணைப் பெரிதாக்குவதே. ஆனால் ஊற்று பூச்சியமாயின்? பூச்சியத்தை எத்துணைப் பெரிய எண்ணாற் பெருக்கினும் பூச்சியமே. கரும்பலகையில் இதனை எத்தனையோ முறை எழுதியிருக்கின்றோம். எழுதிய கைதான் போர்வையையும் வெட்டச் சொல்லிற்று!

அவ்வாறாயின் போர்வையால் ஒரு பயனுமே இல்லையா? உண்டு, அது காலத்தைப் பற்றிய பயன். மாலையில் ஓடி வந்து நின்ற வண்டியின் பற்றரி சிறிது சூட்டோடு இருக்கும். அது கனமான பொருள். பதினைந்து கிலோவுக்கும் மேற்பட்டவை பல. எனவே மெதுவாகவே ஆறும். போர்வை இருப்பின் இன்னும் மெதுவாக ஆறும். இரவு குறுகியதாயின், குளிர் அளவானதாயின், விடியும்போது சில பாகை எஞ்சியிருக்கும். அச்சில பாகையே வண்டியைக் கிளப்பவும் கூடும். போர்வையை இரு மடங்காக்கினால் ஏறத்தாழ இரு மடங்கு காலம் தாங்கும். இரண்டு நாள் நின்றுவிட்டாலோ முடிவு ஒன்றே: உள்ளும் புறமும் ஒரே குளிர். எமது மாணவரின் விடுமுறை நாட்கள் இரண்டும் இதனையே செய்தன. மறுநாட் காலை ஓடத் தொடங்கிய பின்னரும் அந்தப் போர்வை தீமையே செய்திருக்கும். எஞ்சினின் சூடு பற்றரியை அடையாதபடி தடுத்திருக்கும். குளிர்ந்த பற்றரியோ மின்னேற்றத்தையும் சரியாக ஏற்பதில்லை. அவர் சொன்னதில் எள்ளளவும் பிழையில்லை. எமது போர்வை குளிரைத்தான் காத்தது.

கனடாவின் வானிலை அறிக்கையிலே காற்றுக் குளிர் என்று ஒன்று சொல்வார்கள். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 25 ஆயினும், காற்று வீசுவதால் 40 போலத் தோன்றும் என்பார்கள். இது மனித உடம்புக்குச் சொல்லப்படுவது. எத்தனை வேகமாகக் காற்று வீசினும் பற்றரி 25 ஐத் தாண்டிக் கீழே போகாது. 25 ஐ விரைவில் அடைந்துவிடும், அவ்வளவே.

எமது நாட்டிலே இந்தத் தொல்லை இல்லை. நுவரெலியாவிலே புல்லின்மீது உறைபனி படியும் காலைகள் உண்டெனினும், பற்றரி அஞ்ச வேண்டிய குளிர் அதுவன்று. எமக்குப் பகை வெய்யில். வெப்பம் பற்றரியின் வலிமையைக் கூட்டுகின்றது, ஆயுளைக் குறைக்கின்றது. சில கார்களில் பற்றரியைச் சுற்றித் தொழிற்சாலையிலேயே ஓர் உறை இட்டிருப்பார்கள். அவ்வுறைகளிற் பல குளிருக்காக இடப்பட்டவையல்ல. எஞ்சினின் சூட்டிலிருந்து காப்பதற்கே இடப்பட்டவை. இதனையும் நாம் பின்னரே அறிந்தோம்.

வின்னிப்பெக், எட்மன்ரன் முதலிய நகர்களில் நீண்டகாலம் வாழ்ந்தோர் கோழியின் அவசியத்தை எம்மைவிட நன்கறிவர். அங்கே பல கார்களின் முன்முகத்திலிருந்து ஒரு மின்வயர் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டி நிறுத்துமிடங்களிலே கம்பங்கள் நட்டு மின்செருகிகள் பொருத்தியிருப்பார்கள். இரவில் வயரைச் செருகிவிட்டால் எஞ்சினோடு பொருந்திய சூடேற்றி அதனை இளஞ்சூட்டில் வைத்திருக்கும். இது சில நூறு உவாற்று இழுக்கும். பற்றரிக்கென்று தனியே மின்கம்பி வைத்துத் தைத்த மேலுறையும் உண்டு. அதற்கு நூறு உவாற்றுக்கும் குறைவே போதும். அவ்வுறைக்குப் பெயர் போர்வையாயினும் அது கூடு மாத்திரமன்று. கோழியும் கூடும் ஒன்றாகியது. மின்சாரக் கார்களோ தமது இலிதியப் பற்றரியைத் தாமே சூடாக்கும் ஏற்பாடு உடையன. உறைநிலைக்குக் கீழே இலிதியப் பற்றரியை மின்னேற்றினால் இலிதியம் தகட்டினுள்ளே புகாது மேலே உலோகமாகப் படிந்து நிரந்தரக் கேடு விளைக்கும். ஆதலின் முதலிற் சூடு, பின்னரே மின்.

வின்னிப்பெக்கிலே பக்கத்து வீட்டார் கம்பியோடு வருவர். அயலார் எவரும் வரமுடியாத இடங்களில் பற்றரி குளிர்ந்துவிட்டால் யாது நிகழும்? எமது பிழையை ஆராயப் புகுந்தபோது இக்கேள்வி எம்மைச் சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் இட்டுச் சென்றது. அங்கே இக்கணக்கைப் பிழையறச் செய்தவர்கள் இருக்கின்றனர்.

சந்திரனிலே ஓர் இரவு எமது கணக்கிற் பதினான்கு நாள் நீளும். குளிர் பூச்சியத்துக்குக் கீழே 150 பாகையையும் கடந்து செல்லும். 1970 நவம்பர் 17 இல் சோவியத் நாட்டார் லூனகோட் என்னும் எட்டுச் சில்லு வண்டியை அங்கே இறக்கினர். பெரிய குண்டான் ஒன்றைச் சில்லுகளின்மேல் வைத்தாற்போன்ற உருவம். குண்டானுக்கு ஒரு மூடி. மூடியின் உட்புறத்திலே சூரிய மின்கலங்கள். பகலில் மூடி திறந்து வெய்யிலைப் பருகும். இரவு வருமுன் மூடிக்கொள்ளும். மூடியது மட்டுமா? உள்ளே பொலோனியம் என்னும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் தன் இயல்பால் வெப்பம் பிறப்பித்துக்கொண்டிருந்தது. நீறு பூத்த நெருப்பை அடுப்பிலே மூடி வைத்து விடியலில் ஊதி எடுக்கும் எமது பாட்டிமாரின் உபாயந்தான். நீறு மாத்திரம் போதாது. அடியில் தணல் வேண்டும். அவ்வண்டி பல சந்திர இரவுகளைக் கடந்து 1971 செப்ரெம்பர் வரை பேசிற்று.

2023 ஓகஸ்ட் 23 இல் இந்தியாவின் விக்ரம் சந்திரனின் தென்புலத்தில் இறங்கியபோது, அத்திட்டத்தின் பணிப்பாளராக இருந்தவர் விழுப்புரத்துத் தமிழர் வீரமுத்துவேல் என்பதில் எமக்கெல்லாம் பெருமிதம். விக்ரமும் அது சுமந்து சென்ற சிறுவண்டியும் ஒரு சந்திரப் பகலுக்கென்றே வகுக்கப்பட்டவை. அவற்றுள்ளே தணல் இல்லை. குறித்த வேலையெல்லாம் முடிந்தபின், பற்றரியை நிரப்பித் துயில வைத்தார்கள். விழித்தால் இலாபம் என்பதே எண்ணம். செப்ரெம்பர் 22 அளவில் அங்கே மீண்டும் வெய்யில் விழுந்தபோது அழைத்தார்கள். விடை வரவில்லை. ஆயினும் கணக்கு எப்போதும் கொடியதன்று. 2024 சனவரியில் யப்பான் இறக்கிய சிலிம் என்னும் கலம், இரவைத் தாங்குமாறு அமைக்கப்படாததாக இருந்தும், மூன்று இரவுகளைக் கடந்து விழித்தது. தப்பிப் பிழைத்தலும் உலகில் உண்டு. அதனை நம்பி வண்டி கட்டலாகாது.

செவ்வாயின் இரவு எமது இரவின் அளவினதே. குளிரோ பூச்சியத்துக்குக் கீழே 90 பாகையைத் தொடும். 1997 சூலை 4 இல் நாசா அங்கே இறக்கிய சொஜேர்ணர் என்னும் பத்துக் கிலோச் சிறுவண்டியின் வயிற்றிலே பற்றரியையும் மின்சுற்றுகளையும் ஒரு பெட்டியில் அடைத்து, அதனைச் சுற்றி ஏரோஜெல் என்னும் பொருளை வைத்தனர். கிஸ்லர் என்பார் 1931 இல் ஆக்கிய பொருள் இது. மணலின் மூலப்பொருளாகிய சிலிக்காவினால் ஆயது. ஆயினும் அதன் பெரும்பகுதி வெறும் வளியே. பார்ப்பதற்கு நீலம் பாய்ந்த புகை உறைந்து நிற்பது போலிருக்கும். உலகத்துக் காவலிகளுள் இதற்கு நிகரானவை மிகச் சில. அத்துணைச் சிறந்த போர்வை இருந்தும் நாசாவினர் அதனை மாத்திரம் நம்பவில்லை. ஒவ்வோர் உவாற்று வெப்பம் தரும் மூன்று புளூற்றோனியக் குளிகைகளையும் கூட வைத்தனர். ஓர் உவாற்று என்பது மிகச் சிறிய கைவிளக்கின் அளவு. பெருக்கும் எண் பெரிதாயின், பெருக்கப்படுவது சிறிதாயினும் அமையும் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் நாம் அறியோம்.

2004 சனவரியிலே ஸ்பிரிற், ஒப்பர்ச்சூனிற்றி என்னும் இரட்டை வண்டிகள் இறங்கின. பொன்பூச்சுப் பூசிய பெட்டி, ஏரோஜெல் சுவர், எட்டுக் குளிகைகள். குளிர் மிகும்போது பற்றரியின் மின்னாலேயே இயங்கும் சூடேற்றிகள் வேறு. இலிதியப் பற்றரி பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்கு இறங்கலாகாது. மின்னேற்றும்போது பூச்சியத்துக்கு மேலே இருத்தல் வேண்டும். தொண்ணூறு செவ்வாய் நாட்களுக்கென்று அனுப்பியவை ஆண்டுக்கணக்கில் உழைத்தன. ஒப்பர்ச்சூனிற்றியின் கைமூட்டிலே ஒரு சூடேற்றி தொடக்கத்திலேயே பழுதுற்று அணையாது எரிந்துகொண்டிருந்தது. வேண்டாத இடத்துச் சூடு, வேண்டிய பற்றரியை உறிஞ்சிற்று. இரவுதோறும் முழு வண்டியையும் அணைத்துவிடுவதே அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம். அவ்வேளைகளில் பற்றரியைக் காத்தவை குளிகைகளே. இப்படி ஒரு குடும்பச் செலவுக் கணக்கை எந்தக் குடித்தனக்காரியும் உடனே விளங்கிக்கொள்வாள்.

ஸ்பிரிற்றின் கதை துயரமானது. பனிக்காலம் வரும்போதெல்லாம் அதனை ஒரு சரிவிலே ஏற்றி, சூரியனை நோக்கிச் சாய்த்து நிறுத்துவார்கள். அவ்வாறு கிடைக்கும் வெய்யிலில்தான் சூடேற்றிகளின் உணவு. 2009 ஆம் ஆண்டில் அதன் சில்லுகள் மென்மணலிற் புதைந்தன. பல மாதங்கள் முயன்றும் மீட்க முடியவில்லை. சாய்த்து நிறுத்தவும் இயலவில்லை. பனிக்காலம் வந்தது. 2010 மார்ச் 22 இல் வந்த செய்தியே இறுதிச் செய்தி. வெய்யில் குறைந்தது, மின் குறைந்தது, சூடேற்றிகள் ஓய்ந்தன. ஓராண்டுக்கு மேல் அழைத்துப் பார்த்துவிட்டு 2011 மே 25 இல் அழைப்பதை நிறுத்தினர். அந்த எட்டுக் குளிகைகளும் இன்றும் சுடுகின்றன என்பதை எண்ணும்போது எமக்கு மனம் ஒருவாறாகின்றது. புளூற்றோனியம் பாதியாகக் குறைவதற்கு ஏறக்குறைய 88 ஆண்டு செல்லும். ஆகவே புறப்பட்ட நாளில் இருந்த சூட்டில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் இன்னும் அப்பெட்டிக்குள் இருக்கின்றது. எட்டு உவாற்றுத் தனித்துப் போதவில்லை.

இவற்றுள் எம்மை மிகவும் கவர்ந்தது 1.8 கிலோ மாத்திரம் நிறையுள்ள ஒரு பறக்கும் பொறி. இன்ஜெனூயிற்றி என்று பெயர். பேர்சிவியரன்ஸ் என்னும் பெரிய வண்டியின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு 2021 பெப்ரவரியிற் செவ்வாயை அடைந்து, ஏப்பிரல் 19 இல் முதன்முறை பறந்தது. அதனுள்ளே ஆறு சிறிய இலிதிய மின்கலங்கள். குளிகை இல்லை. தடித்த போர்வையும் இல்லை. பறப்பதற்குக் கனம் ஆகாதன்றோ. தலைமேலுள்ள சிறு சூரியத் தகடு பகலிற் சேர்ப்பதைக் கொண்டே இரவில் தன்னைத் தான் சூடாக்க வேண்டும். பற்றரியின் சேமிப்பிற் பெரும்பகுதி பறப்பதற்கன்று, இரவைக் கடப்பதற்கே செலவாயிற்று. ஏழைத் தொழிலாளி ஒருவனின் வாழ்வும் இவ்வாறே.

2022 மே 3 ஆம் நாள் இந்தக் கணக்குத் தவறிற்று. பனிக்காலத்துத் தூசு வெய்யிலை மறைத்தமையால் பகற்சேமிப்புப் போதவில்லை. நள்ளிரவில் மின் வற்றி, உள்ளிருந்த கடிகாரம் நின்றது, சூடேற்றி அணைந்தது. காலையில் வெய்யில் பட்டுக் கண்விழித்தபோது நேரம் யாதென அதற்குத் தெரியவில்லை. பெரிய வண்டியோடு பேச வேண்டிய நேரமும் மாறிப்போயிற்று. பூமியிலிருந்தோர் என்ன செய்தனர்? ஒரு நாள் முழுவதும் வேறு வேலை பெரிதும் ஒழித்து, அந்தச் சிறு பொறியின் குரலுக்குச் செவிசாய்த்திருக்கும்படி பெரிய வண்டிக்குக் கட்டளையிட்டனர். மே 5 இல், செவ்வாயின் நண்பகலுக்குச் சற்று முன்பு, மெல்லிய குரல் வந்தது.

அதன்பின் அவர்கள் செய்ததுதான் எம்மை வியக்கச் செய்தது. அதுகாறும் பற்றரி பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக்கு இறங்கும்போது சூடேற்றி எரியத் தொடங்கும். இனி 40 பாகைக்கு இறங்கினாலன்றி எரியற்க என்று மாற்றினர். குளிரைத் தடுத்து மின்னை இழப்பதிலும், சிறிது குளிரை உள்ளே விட்டு மின்னைக் காப்பது மேல் என்பது அவர்கள் தீர்ப்பு. ஆபத்தான தீர்ப்பே, மின்கலங்களோ மின்சுற்றுகளோ அக்குளிருக்கு உடைந்திருக்கலாம். உடையவில்லை. ஐந்து முறை பறக்கவென்று அனுப்பிய பொறி 2024 சனவரி 18 வரை எழுபத்திரண்டு முறை பறந்தது. இறுதியில் அதனை வீழ்த்தியது குளிரன்று. இறங்கும்போது அதன் சுழலிதழ் உடைந்தது.

இவற்றையெல்லாம் நாம் எமது மாணவருக்கு ஒரு நீண்ட கடிதமாக எழுதினோம். தொலைபேசியில் விடையளிக்கும் துணிவு அப்போது எமக்கிருக்கவில்லை. கடிதத்தின் முடிவிலே, "போர்வையை எறிய வேண்டாம், அதற்கு உள்ளே ஒரு கோழியை வையும். மேலே ஆவி வெளியேறும் துளைகளை மூடாதீர், சூடான எஞ்சினிலே கம்பளி தொடாதிருக்கவும் பார்த்துக்கொள்ளும்" என்று குறித்தோம். ஈயப் பற்றரி மின்னேறும்போது எரியக்கூடிய ஐதரசன் வாயு வெளிவரும். எமது முதல் உபதேசத்தில் இதனையும் சொல்லாது விட்டிருந்தோம்.

அவர் எண்பது உவாற்று மின்சூடேற்றுறை ஒன்றை வாங்கினார். கம்பளியை அகற்றி, நெருப்புப் பற்றாத காவலியை அதன்மேற் சுற்றினார். எஞ்சினுக்கும் ஒரு சூடேற்றி பொருத்துவித்தார். இரண்டரை மாதத்தின் பின் வந்த காலையிலும் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு இருந்ததாம். முந்திய இரவு முழுவதும் வயர் செருகியிருந்தது. திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் முதல் முயற்சியிலேயே இரைந்தெழுந்தது. தாயாருக்குக் கண் நன்றாயிற்று.

வீடு திரும்பி, கட்டவிழ்த்த சில நாட்களின் பின், அவ்வம்மையார் யன்னலருகே இருந்து முற்றத்தைப் பார்த்தாராம். வெண்பனியின் நடுவே கார். அதன் முகத்திலிருந்து சுவர்வரை நீண்டு கிடக்கும் வயர். முன்பெல்லாம் இருளாய்த் தெரிந்தது இப்போது துலக்கமாகத் தெரிந்தது. மகனைக் கூப்பிட்டு, "என்ன தம்பி, இஞ்சை காரையும் மாடு மாதிரிக் கயிறு போட்டே கட்டிவைக்கிறியள்?" என்று கேட்டாராம்.

"ஓம் அம்மா, இரவிலை தீனியும் போடவேணும்" என்றாராம் எமது மாணவர்.